குண்டூசி என்றொரு கூட்டாளி

மதுரை காளவாசலில் ஒரு விதைக் கம்பெனியின் கிளை இருக்கிறது. கீழே குடோன், மாடியில் ஆபீஸ். அந்த ஆபீஸில் யார் போய் லீவு கேட்டாலும், மேனேஜர் அனந்தராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நாளைக்குப் பாப்போம்" என்பார். இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்கிறவரோடு சண்டை போடலாம். நாளைக்குப் பார்ப்போம் என்கிறவரை என்ன செய்வது?

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. பதினோரு வருடமாக மதியச் சாப்பாட்டைத் தன் கேபினுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகத்தான் சாப்பிடுகிறார். வெளியே மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடுகிற சத்தம் கேட்கும். சமீபமாக அந்தச் சத்தம் மாறியிருந்தது. டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம் வந்ததும் ஐந்து நிமிடம் அமைதி. அப்புறம் திடீரென்று, "கதவப் புடி, கதவப் புடி, போச்சு!" என்று கூச்சல். பிறகு சிரிப்பு.

ஒருநாள் கை கழுவப் போகிற சாக்கில் வெளியே வந்து பார்த்தார். மூன்று பேர் செல்போனைப் படுக்கவைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாக் கணக்கு எழுதுகிற சுபலட்சுமி. ஊர் ஊராகப் போய் டீலர்களைப் பார்க்கிற ஜெயபாண்டி. குடோனில் மூட்டைகளுக்குப் பொறுப்பான நல்லகாமன். இவரைக் கண்டதும் மூன்று போனும் ஒரே நேரத்தில் மடிக்குப் போயின. ஆனால் நல்லகாமனுக்கு வயது ஐம்பது, கை கொஞ்சம் மெதுவு. அவர் போனில் தெரிந்த இரண்டு வார்த்தையை அனந்தராமன் படித்துவிட்டார். 'லீவு லெட்டர்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அதைத் தேடிப் பிடித்தார். அது ஒரு செயலி. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு விளையாட்டைக் கட்டி அதில் போட்டுவிடலாம். மற்றவர்கள் உள்ளே நுழைந்து சேர்ந்து ஆடலாம். உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. மேஜைமேல் குண்டூசி டப்பா இருந்தது. ஒற்றை விரலால் 'குண்டூசி' என்று அடித்தார். யார் இதைச் செய்தது, யார் யார் ஆடுகிறார்கள் என்று முழுசாகத் தெரிந்துகொண்டு திங்கட்கிழமை ஒரு மெமோ கொடுப்பது அவர் திட்டம்.

'லீவு லெட்டர்' விளையாட்டுக்குள் போனதும் ஒரு மாடிப்படி. மேலே ஒரு ஆபீஸ். அதன் கேபினில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், அதற்கு மேலே கண்ணாடி, பாக்கெட்டில் மூன்று பேனா. இவருடைய ஆள் கையில் லீவு லெட்டரோடு அருகில் போனதும் பொம்மை எழுந்தது. "நாளைக்குப் பாப்போம்" என்று அதன் தலைக்கு மேலே எழுத்து தோன்றியது. அடுத்த விநாடி இவருடைய ஆள் படியில் உருண்டு கீழே கிடந்தான்.

அனந்தராமனுக்குக் காது சிவந்துவிட்டது. மறுபடியும் ஏறினார். மறுபடியும் உருண்டார். தன்னிடமே லீவு கேட்டு, தானே நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி, பன்னிரண்டு தடவை கீழே விழுந்தார்.

"ஏன்னா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா யாரைத் திட்டிண்டிருக்கேள்?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார் மனைவி ஜகதாம்பாள்.

"ஒரு மேனேஜரை" என்றார் அனந்தராமன். "சரியான மண்டைக்கனம் பிடிச்ச ஆளா இருக்கான்."

தனியாக ஆடி ஜெயிக்க முடியாது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அந்த லெட்டரில் முத்திரை விழவேண்டுமென்றால் நாலு பேர் வேண்டும். கேபின் கதவு தானாக மூடிக்கொள்ளும். ஒருவர் அதைப் பிடிக்கவேண்டும். படிக்குக் கீழே 'வீட்டுப் போன்' என்று ஒரு பொத்தான். ஒருவர் அதை அழுத்தினால் பொம்மை ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மூடிக்கொண்டு பன்னிரண்டு விநாடி பேசும். அதற்குள் ஒருவர் லெட்டரை மேஜையில் வைக்க வேண்டும், இன்னொருவர் முத்திரையைக் கண்டுபிடித்துக் குத்த வேண்டும்.

ஜன்னல் பக்கம் திரும்புவது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஜகதாம்பாள் போன் செய்தபோது விளங்கியது. பேசி முடித்துப் பார்த்தால் அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது கை வாயை மூடியிருந்தது.

மெமோவை அன்றைக்கு அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஆதாரம் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டார். மதியம் கதவைத் தாழிட்டு, தயிர்சாதத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். அங்கே மூன்று பேர் நின்றிருந்தார்கள். தலைக்கு மேலே பெயர்கள் இருந்தன. பேரையூர்ப்புயல், மூட்டை, கட்டெறும்பு. பேரையூர்க்காரன் ஜெயபாண்டி, மூட்டை நல்லகாமன், மீதி சுபலட்சுமி. விளையாட்டைச் செய்தவர் பெயரும் கட்டெறும்பு என்றுதான் இருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது. வெளியே வந்திருக்கலாம்.

"புது ஆளா?" என்று பேரையூர்ப்புயல் எழுதியது.

"ஆமாம்."

"வாங்க மாப்ள! எங்க ஆளு ஒருத்தர் திண்டுக்கல்லுக்கு மாத்தலாகிப் போயிட்டாரு. ஒரு மாசமா நாலாவது ஆள் இல்லாம கெடக்கோம். நீங்க கதவப் புடிங்க."

மாப்ள! மாமனார் வீட்டில் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதுண்டு. அது வேறு. அதில் ஒரு மரியாதையும், தீபாவளிக்கு என்ன செய்யவேண்டும் என்கிற கவலையும் சேர்ந்தே இருக்கும். இது தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. அனந்தராமன் கதவைப் பிடித்தார்.

முதல் தடவை கட்டைவிரல் நழுவி, கதவு மூடி, நாலு பேரும் உருண்டார்கள். அவர் பயந்துபோய், "மன்னிக்கவும், என் தவறு" என்று எழுதினார்.

"அட விடுங்க மாப்ள. போன வாரம் மூட்டை அண்ணன் கதவுன்னு நெனச்சு சன்னலப் புடிச்சுக்கிட்டு நின்னாரு."

வெளியே சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரிப்பது கேட்டது. பதினோரு வருடமாகக் கேட்ட சிரிப்புதான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவரும் சத்தம் வராமல் சிரித்தார். கீழே விழுந்ததற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. மறுபடி ஏறினார்கள், அவ்வளவுதான். மூன்றாவது தடவை அவர் கதவை அசையாமல் பிடித்ததும், "செம புடி!" என்று எழுதினார் மூட்டை. அந்த இரண்டு வார்த்தையை அனந்தராமன் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுகூட நினைத்துக்கொண்டார்.

நாலு நாள் இப்படிப் போயிற்று. கதவு பிடிபட்டது, போன் பிடிபட்டது, முத்திரைதான் கிடைக்கவில்லை. மேஜை, பீரோ, டிபன் பை என்று தேடிப் பார்த்தாயிற்று. விளையாட்டைச் செய்த சுபலட்சுமி வாயைத் திறக்க மாட்டாள். "எங்க இருக்குன்னு சொல்லித் தொலை தங்கச்சி" என்று ஜெயபாண்டி கெஞ்சியும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் குண்டூசி எழுதினான்: "காலண்டருக்குப் பின்னால் பார்க்கலாமே."

நல்லகாமனின் ஆள் போய்த் தினக் காலண்டரைத் தூக்கினான். முத்திரை அங்கே தொங்கியது. குத்தினார்கள். திரையில் பூ கொட்டியது. வெளியே ஜெயபாண்டி விசிலடித்தான்.

சுபலட்சுமி விசிலடிக்கவில்லை. கையில் எடுத்த வடகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையான முத்திரை கேபினில் ஒரு டிராயருக்குள் இருக்கிறது. அந்த டிராயரின் சாவி, தினக் காலண்டருக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. காலையில் முதலில் வந்து காலண்டர் தாளைக் கிழிப்பவள் என்பதால் அவளுக்கு அது தெரியும். அவளைத் தவிர உலகத்தில் இன்னும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கேபினைப் பார்த்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதில் இரண்டு கறுப்பு ஷூ தெரிந்தது. இரண்டும் சந்தோஷமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் ஜெயபாண்டி அன்றைக்கே வேலையை விட்டு ஓடிவிடுவான். ஏனென்றால் அவன் குண்டூசியிடம் பேசாத பேச்சில்லை. அதோடு, இப்படி ஒரு ரகசியம் கையில் கிடைத்தால் உடனே செலவழிக்கிற ஆள் இல்லை சுபலட்சுமி.

அன்றைக்கே ஜெயபாண்டி குண்டூசியிடம் மனதைக் கொட்டினான்.

"மாப்ள, எங்கக்கா மகளுக்கு வர்ற பொதங்கெழமை காதுகுத்து. பேரையூர்ல. நான்தான் தாய்மாமன். எம்மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். எங்க மேனேஜரு அஞ்சு நாளா நாளைக்குங்குறாரு. அந்தாளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அந்த எடத்துலயும் காலண்டர்தான் தொங்குதான்னு தெரியல."

கேபினுக்குள் அனந்தராமன் ஒரு பதிலை அடித்தார், அழித்தார். இன்னொன்றை அடித்தார்.

"அன்றைக்கு ஏதாவது முக்கியமான வேலை இருக்கிறதோ?"

"டீலர் மீட்டிங். புது மக்காச்சோள ரகத்தப் பத்தி நான் பேசணுமாம். நான் இல்லாட்டி ஒலகம் நின்னுருமா?"

"உன் இடத்தில் யார் பேசுவார்கள் என்று அவரிடம் சொன்னாயா?"

"அவரு எங்க கேட்டாரு?"

உண்மைதான். அவர் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதோடு சரி. அனந்தராமன் தயிர்சாதத்தை இன்னும் ஓரமாகத் தள்ளினார். பிறகு, தன்னைத் தோற்கடிப்பது எப்படி என்று தானே எழுத ஆரம்பித்தார்.

"காலையில் கேட்காதே. அந்த மாதிரி ஆட்களுக்குக் காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து திட்டு விழும். மூன்று நாற்பதுக்குக் காபி குடித்திருப்பார். மூன்றே முக்காலுக்குப் போ. முதலில் லீவு என்று சொல்லாதே. உன் வேலையை யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல். தேதியைக் கடைசியில் சொல்."

"எம்புட்டு வெவரம் மாப்ள உனக்கு! நீ வாத்தியாரா? பேப்பர்ல வர்ற மாதிரியே பேசுற."

"ஏறக்குறைய" என்று எழுதினான் குண்டூசி.

வெள்ளிக்கிழமை அனந்தராமன் காபியைச் சரியாக மூன்று நாற்பதுக்குக் குடித்து முடித்தார். தலையை ஒருமுறை வாரிக்கொண்டார். என்ன நடக்கப்போகிறது என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்தார்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தது நல்லகாமன். தோளில் ஒரு விதை மூட்டையோடு வாசலில் நின்று, முதுகால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார். மூட்டை கனமா இருக்கு. சித்த நின்னுட்டுப் போறேன்."

பின்னாலேயே ஜெயபாண்டி. வாயைத் துடைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தான். "சார், மீட்டிங்ல மக்காச்சோளத்தப் பத்தி நல்லகாமண்ணன் பேசுனா நல்லாருக்கும் சார். அவரு சொந்தத் தோட்டத்துலயே ரெண்டு ஏக்கர் போட்டுருக்காரு. நான் பாத்ததச் சொல்லுவேன், அவரு போட்டதச் சொல்லுவாரு. எல்லாத்தையும் அவருக்கு எழுதிக் குடுத்துட்டேன். அதனால பொதங்கெழமை..."

நல்ல யோசனைதான். அனந்தராமனே இதை யோசித்திருக்கவில்லை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பதினோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறியது. "நாளை..." என்று வந்துவிட்டது.

அந்த நேரத்தில் மேஜைமேல் அவருடைய போன் அடித்தது. ஜகதாம்பாள்.

நாற்காலி ஜன்னல் பக்கம் சுழன்றது. இடது கை வாய்க்குப் போனது.

"என்ன?"

"ஒண்ணுமில்லன்னா. உங்க ஆபீஸ்லேர்ந்து சுபலட்சுமின்னு ஒரு பொண்ணு பேசினா. சரியா இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு நாலு நிமிஷம் பேசிண்டே இருங்கோ மாமின்னா. ஏன்னு கேட்டேன், சார் ஜெயிக்கறதுக்குத்தான்னா. சமத்தா பேசித்து, சரின்னுட்டேன். இப்போ நான் என்னத்தைப் பேசறது?"

சுபலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது என்று அனந்தராமனுக்குப் புரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் அறை தெரிந்தது. சுபலட்சுமி பூனை மாதிரி உள்ளே வந்தாள். நேராகக் காலண்டரிடம் போனாள். சாவியை எடுத்தாள், டிராயரைத் திறந்தாள், முத்திரையையும் மைப் பெட்டியையும் மேஜையில் வைத்தாள். ஜெயபாண்டி லெட்டரை அதன் பக்கத்தில் வைத்தான். நல்லகாமன் மூட்டையோடு கதவில் ஆணி அடித்த மாதிரி நின்றார். மேஜையை விட்டு விலகும்போது சுபலட்சுமி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒற்றைப் புருவம் மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, கை வாயிலேயே இருந்தது.

"பேசு, பேசு" என்றார் மனைவியிடம். "இன்னும் ரெண்டு நிமிஷம் பேசு. இவாளுக்கு நேரம் வேணும்."

"முருங்கைக்காய் வாங்கிண்டு வாங்கோ. பிஞ்சா பார்த்து. போன தடவை வாங்கிண்டு வந்தேளே, விறகு மாதிரி..."

அவர் திரும்பியபோது மூன்று பேரும் சாமி கும்பிட நிற்கிற மாதிரி நின்றிருந்தார்கள். பேனா மூடி திறந்து தயாராக இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு ஜெயிப்பது அவ்வளவு சுலபமாக இருந்தால் எப்படி? லெட்டரை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஜெயபாண்டியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. நல்லகாமன் மூட்டையை மறு தோளுக்கு மாற்றினார்.

"காதுகுத்துக்கு ஒரு 'த்' விட்டுட்டியே" என்றார். சிவப்பு மையில் அந்த எழுத்தைச் சேர்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வெளியே போனதும் ஜெயபாண்டி முதல் வேலையாகக் குண்டூசிக்கு எழுதினான். "நீ தெய்வம் மாப்ள! மேனேஜரு கவுந்துட்டாரு!"

புதன்கிழமை மீட்டிங்கில் நல்லகாமன் பேசினார். ஜெயபாண்டி எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "இந்த ரகத்துல கருது பெருசு. ஆனா காட்டுப்பன்னிக்கும் ரொம்பப் புடிக்குது. வேலி இல்லாதவன் போடாதீக" என்றார். அனந்தராமனின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. டீலர்களோ, கம்பெனிக்காரன் வாயிலிருந்து இப்படி ஒரு உண்மையை இதுவரை கேட்டதில்லை என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அலங்காநல்லூர் டீலர் கிளம்பும்போது நல்லகாமனின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை ஜெயபாண்டி வந்துவிட்டான். சட்டையில் சந்தனம், கையில் பெரிய தூக்குவாளி நிறைய அதிரசம். அக்கா மகள் தன் மடியில் உட்கார்ந்து எம்புட்டு அழுதாள், தன் கையை எப்படிக் கடித்தாள் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். நாலு அதிரசத்தைத் தனியாகப் பொட்டலம் கட்டினான்.

"இது குண்டூசிக்கு. ஆளு எந்த ஊருன்னே தெரியல. கேட்டா மழுப்புறான். கூரியர்லயாவது அனுப்பணும்."

"எங்கிட்ட குடுண்ணே" என்றாள் சுபலட்சுமி. "நான் சேத்துர்றேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்ணே. கூப்புடு தூரந்தான்."

அன்றைக்கு மதியம் அவள் புதுசாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். மேட்டில் பாதி வழியில் நின்றுபோன ஒரு டவுன் பஸ். நாலு பேரும் பின்னால் நின்று ஒரே நேரத்தில் தள்ளவேண்டும். ஒருவர் நிறுத்தினாலும் பஸ் பின்னால் உருண்டு எல்லோரையும் நசுக்கிவிடும். முழுசாகத் தள்ளி மேட்டைத் தாண்டினால் கோயில் திருவிழா.

நாலு பேரும் தள்ளினார்கள். பஸ் நகர்ந்தது. வெளியே யாரும் மூச்சுவிடவில்லை. மேட்டின் உச்சிக்கு இன்னும் ஒரு பஸ் நீளம்தான் பாக்கி. ஜெயபாண்டி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுவிட்டு, அதே கையைத் திரும்பப் போனுக்குக் கொண்டுவந்தான். கட்டைவிரல் எண்ணெயில் வழுக்கியது.

கேபினுக்குள்ளிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஜெயபாண்டி! என்னய்யா பண்றே? தள்ளுய்யா மாப்ள, தள்ளு!"

பஸ் கடகடவென்று பின்னால் உருண்டது.

ஜெயபாண்டி போனைப் பார்த்தான். கேபின் கதவைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். குண்டூசியிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போயின. மண்டைக்குள் மண்ணு என்றது. இந்த ஆளுக்குச் சம்சாரம் எப்படித்தான் சோறு போடுதோ என்றது. காலண்டர் என்றது. அவன் வாயிலிருந்த அதிரசம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"சுபா" என்றான் ஈனக் குரலில். "கூப்புடு தூரம்னியே..."

"ஆமாண்ணே" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தாழ்ப்பாள் விலகியது. அனந்தராமன் வெளியே வந்தார். ஒரு கையில் போன், மறு கையில் டிபன் பாக்ஸ். முகம் சிவந்திருந்தது, கோபமா வெட்கமா என்று சொல்ல முடியவில்லை. ஜெயபாண்டி எழுந்து நின்றான். மேஜைமேல் இருந்த பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

அனந்தராமன் அதை வாங்கிப் பிரித்தார். ஓர் அதிரசத்தைக் கடித்தார். மென்று விழுங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"உள்ளே டவர் சரியாக் கிடைக்கலை" என்றார்.

நல்லகாமன் தன் தூக்குச்சட்டியை நகர்த்தி இடம் பண்ணினார். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல்களைக் கைக்குட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதே கைக்குட்டையை ஜெயபாண்டியிடம் நீட்டினார்.

"நீயும் தொடைச்சுக்கோ. பஸ்ஸு அடிவாரத்துல நிக்கறது பாரு."